நாலு தடவை மாத்தின சீல்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு பிக்கப் வண்டியோட பின் ஆக்சில் சீல்ல என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு: இந்த மேட்டர்ல மெக்கானிக்கல் கால்வாசி, காஸ்ட் அக்கவுண்டிங் முக்கால்வாசி. அதனால நாமளும் பேசலாம் :-)

எங்க சித்தப்பாவோட பிக்கப், பாச்சலூர் மலையில இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் இறக்குற வண்டி. பதினாலு மாசத்துல இடது பின் சக்கரத்து ஆயில் சீலை நாலு தடவை மாத்தினாங்க. மாத்தினா ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா இருக்கும். அப்புறம் டயரோட உள்பக்கம் பழையபடி எண்ணெய் வழிஞ்சு நிக்கும். "டூப்ளிகேட் சீல்ண்ணே, இந்தத் தடவை ஒரிஜினலாப் போட்ருவோம்"னு ஒர்க்‌ஷாப்ல ஒரே வசனம். ஒரிஜினலும் போட்டாங்க. அதுவும் ஒழுகுச்சு.

என்னைக் கேட்டா, முதல் தடவை ஒழுகினா சீலைச் சந்தேகப்படலாம். ரெண்டாவது தடவையும் ஒழுகினா சீலை விட்டுட்டு வேற குற்றவாளியைத் தேடணும்.

சீல்ங்கறது ஒரு ரப்பர் உதடு, அதைச் சுத்தி ஒரு சின்ன ஸ்பிரிங். சுத்துற ஆக்சிலை ஒட்டி உரசிக்கிட்டே டிஃபரன்ஷியல் எண்ணெய் பிரேக் பக்கம் வராமத் தடுக்குது. அவ்வளவுதான் அதோட வேலை. உள்ள இருந்து காத்து தள்ளினாலோ, ஆக்சில் ஆடினாலோ, உரசுற இடம் தேஞ்சிருந்தாலோ எந்த கம்பெனி சீலும் நிக்காது.

காத்து எங்கிருந்து வருதுன்னு கேப்பீங்க. ஆக்சில் ஹவுசிங் மேல பிரீதர்னு சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். வண்டி ஓடி எண்ணெய் சூடாகும்போது உள்ள விரியற காத்து அது வழியாத்தான் வெளிய போகணும். பத்தாவதோட அறிவியலுக்குக் கும்பிடு போட்ட எனக்கே புரியற கணக்கு இது: நல்லா அடைச்ச டப்பாவுல 30 டிகிரி காத்து 90 டிகிரிக்குப் போனா அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு கூடும். பிரீதர் அடைச்சிருந்தா அந்தக் காத்துக்கு சீல் உதடுதான் வாசல். சூடான ஆக்சில் தண்ணியில இறங்கினா இதுவே தலைகீழாகும். உள்ள இழுத்து, எண்ணெய் பால் மாதிரி வெளுத்துப் போயிடும்.

சித்தப்பா வண்டியில பிரீதரை அடைச்சது சேறு இல்ல, பெயிண்ட்! எப்.சி.க்குக் காட்டறதுக்காக அடியில கருப்பு அடிச்சப்போ அதையும் சேர்த்துப் பூசிட்டாங்க. ஒழுகல் ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான்.

இதைக் கண்டுபிடிச்சவர் வேற ஊர் மெக்கானிக். பிரீதரோட விடல, சக்கரத்தைத் தூக்கி வெச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பார்த்தார் (ஆடினா பேரிங் போச்சுன்னு அர்த்தம், நல்லவேளை ஆடல). ஆக்சிலை உருவி, சீல் உரசுற இடத்துல நகத்தால இழுத்தார். நகம் மாட்டுச்சு. நாலு சீலும் ஒரே இடத்துல உரசி உரசி வரி விழுந்திருந்துச்சு. அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஸ்லீவ் ஏத்தினா போதும். இடம் இருந்தா சீலையே ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். வெல்டிங் வெச்சுக் கடைஞ்சு தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, சூட்டுல ஆக்சிலோட பதம் போயிடும். 90 நம்பருக்குப் பதிலா கெட்டியா 140 ஆயில் ஊத்தச் சொல்றதும் அப்படித்தான். நோய் அப்படியே இருக்கும், சொட்டு மட்டும் மெதுவா விழும்.

இப்போ நம்ம சப்ஜெக்ட். ஒரு சீல் சில நூறு ரூபாய்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டுற கூலி, புது எண்ணெய், எண்ணெய்ல ஊறின பிரேக் ஷூ, ஒரு நாள் லோடு போச்சு. வண்டி நின்னாலும் தவணை நிக்காது. இதையெல்லாம் "ரிப்பேர்"னு ஒரே தலைப்புல எழுதிட்டா ஒரே தப்புக்கு நாலு தடவை காசு கட்டினது கணக்குல தெரியவே தெரியாது.

முதல் மெக்கானிக்கை ஏமாத்துக்காரர்னு நான் சொல்ல மாட்டேன். நாம காசு கொடுக்கறது சாமானுக்கும் மாட்டுற கூலிக்கும் மட்டும்தானே? காரணம் தேடுற அரைமணி நேரத்துக்கு யாரும் கொடுக்கறதில்ல, அதனால அவரும் தேடறதில்ல. ரெண்டாவது மெக்கானிக் "பார்த்த கூலி"ன்னு தனியா ஐநூறு கேட்டார். நாலு சீலுக்கு முணுமுணுக்காம கொடுத்த சித்தப்பா அதுக்கு மட்டும், "சும்மா பார்த்ததுக்கு ஐநூறாப்பா?"ன்னு சண்டைக்குப் போனார். என்னைப் பொறுத்தவரை அந்த பில்லுலயே உருப்படியான செலவு அந்த ஐநூறுதான்.

சீல் மாத்தறப்போ உதட்டுல கிரீஸ் தடவாம காய்ஞ்சபடி அடிச்சு ஏத்த விடாதீங்க, கோணலா உட்காரவும் விடாதீங்க. எண்ணெய் லெவல் துவாரம் வரைக்கும்தான். எண்ணெய் குடிச்ச ஷூவை பெட்ரோல்ல கழுவி மாட்டினா நம்பாதீங்க. சூடானதும் உள்ள ஊறினது திரும்ப வெளிய வரும், ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். மலை இறங்குற வண்டிக்கு ரெண்டு பக்கமும் புது ஷூதான்.