அறுபதுக்கு மேல் ஒரு ஹாக்கி மட்டை

ஓய்வு பெற்றவனுக்கு நம் ஊரில் அனுமதிக்கப்பட்ட விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் வாக்கிங். டாக்டர் சொல்வதும் அதுதான், பெங்களூரிலிருந்து மகன் போனில் சொல்வதும் அதுதான். அரசாங்கமும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. நல்ல திட்டம். குறை சொல்ல மாட்டேன், நானும் நடந்தவன்தான். ஆனால் நடை வேறு, ஆட்டம் வேறு. நடக்கும்போது பென்ஷன் அரியர், சர்க்கரை அளவு, கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கும் பங்காளி வழக்கு எல்லாம் கூடவே நடந்து வருகின்றன. ஒரு பந்து நம்மைப் பார்த்து உருண்டு வரும்போது இதில் ஒன்றுகூடத் தலைக்குள் நிற்பதில்லை.

இதை நான் தெரிந்துகொண்டது அறுபத்தோராவது வயதில். அதுவும் ஹாக்கியில்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் பார்த்து வளர்ந்தது கபடி, கைப்பந்து, அப்புறம் எல்லாவற்றையும் விழுங்கிய கிரிக்கெட். ஹாக்கி என்றால் கோவில்பட்டி என்பதோடு சரி. நம் வட மாவட்டத்துக்காரர்களில் யாராவது உண்டா என்று கேட்டால் ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரனைச் சொல்லலாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில்தான் இந்தியா தங்கம் வாங்கியது. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, ரேடியோவில் கேட்ட செய்தி. அதற்குப் பிறகு ஹாக்கிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கிக் கிடந்த இந்தியா, கடைசியில் 4-3 என்று ஜெயித்தது. நாலைந்து பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தோம். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர், கல்லூரிக் காலத்தில் ஆடியவர். அடுத்த வாரமே பரணில் கிடந்த நான்கு பழைய மட்டைகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “சார், பார்த்தது போதும். வாங்க” என்றார்.

அரசு விண்ணப்பங்களில் இதற்கு வளைகோல்பந்து என்று பெயர். அழகான பெயர்தான், மைதானத்தில் யார் வாயிலும் வரக் காணோம்.

கற்றுக்கொள்ள லேசான ஆட்டம் கிடையாது. மட்டையின் இடது முகம் மட்டும்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். முதுகுப் பக்கம் பட்டால் தப்பு. இடதுகைப் பழக்கக்காரர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மட்டைதான். பிடியின் உச்சியில் இருக்கும் இடது கைதான் எஜமான், அதுதான் மட்டையைத் திருப்ப வேண்டும். கீழே இருக்கிற வலது கை சொன்னபடி கேட்கிற வேலைக்காரன். அறுபது வருடம் வலது கையாலேயே எழுதி, சாப்பிட்டு, சலாம் போட்டவனுக்கு இந்தத் தலைகீழ் ஏற்பாடு பழக மூன்று மாதம் ஆயிற்று. முதுகை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும் என்று மாஸ்டர் தினமும் சொல்வார். சொல்வது சுலபம்.

முறையான மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதில் பக்கத்துக்குப் பதினோரு பேர் ஓட வேண்டும். எங்களுக்கு அது கட்டுமா? பக்கத்துக்கு ஐந்து பேர், கால்வாசி இடம். ஓங்கி அடிப்பது கூடாது, தள்ளுவது மட்டும்தான். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பினால் விசில். பின்னாலிருந்து மட்டை போட்டால் விசில். ஐவர் ஆட்டம் என்பது கிழவர்கள் பண்ணிய ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் ஓமன் நாட்டு மஸ்கட்டில் அதற்கென்று உலகக் கோப்பையே நடந்தது. அவர்கள் மின்னல் வேகத்தில் ஆடினார்கள். நாங்கள் பஞ்சாயத்து வேகத்தில் ஆடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் விளையாட்டு என்றால் ஆள் எடுப்பது என்று அர்த்தமாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளில் யார் தேறுவான் என்று பார்ப்பது, தேறியவனை விடுதியில் சேர்ப்பது, மற்றவனைக் கைதட்ட அனுப்புவது. முதலமைச்சர் கோப்பையில் பொதுப்பிரிவு என்று ஒன்று வைத்தார்கள், சந்தோஷம். அதற்கு வயது 15 முதல் 35 வரை. முப்பத்தாறு வயதுக்காரன் பொதுமக்களில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. 2025 ஜூனில் சென்னையில் ஹாக்கி இந்தியா முதல் முறையாக மாஸ்டர்ஸ் கோப்பை நடத்தியது. ஆண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல், பெண்களுக்கு முப்பத்தைந்துக்கு மேல். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அது பழைய ஆட்டக்காரர்கள் மறுபடி ஆடுவதற்கு. மட்டையை முதல் முறையாகத் தொடுகிற அறுபது வயதுக்காரன் எங்கே போவது? அவனுக்கு ஒரு மூலையாவது வேண்டாமா?

நெதர்லாந்தைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கியில் ஆண்கள் தங்கமும் பெண்கள் தங்கமும் அந்தச் சின்ன நாட்டுக்குத்தான் போயின. அதே நாட்டில் ‘ட்ரிம் ஹாக்கி’ என்று ஒன்று உண்டு. பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்கள், அதுவரை மட்டை பிடித்தே அறியாதவர்கள், சாயங்கால வேளையில் அதே கிளப்பில் ஆடுகிறார்கள். பட்டம், பதக்கம் எதுவும் நோக்கம் கிடையாது. இங்கிலாந்தில் ‘வாக்கிங் ஹாக்கி’ இருக்கிறது. ஓடினால் தப்பாட்டம், நடந்தேதான் ஆட வேண்டும். மோசமாக ஆடுகிற ஆயிரம் பேர் சுற்றி இருக்கிற ஊரில்தான் நன்றாக ஆடுகிற பத்துப் பேர் முளைக்கிறார்கள் என்பது என் கட்சி. சென்ற 2025 டிசம்பரில் முடிந்த ஜூனியர் உலகக் கோப்பைக்குச் சென்னையும் மதுரையும் மைதானம் கொடுத்தன. மதுரையில் அதற்காகப் புதிதாகச் செயற்கைப் புல்லே விரித்தார்கள். பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள்?

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் ஆள் குறைந்தது, “நான் நிக்கட்டுமாண்ணே?” என்றார். இன்றைக்குத் தடுப்பாட்டத்தில் அவரைத் தாண்ட எங்களில் ஆள் இல்லை. கேட்டால், “முப்பது வருசம் முட்டைக்குக் கணக்கு வச்சவ, ஒத்தப் பந்தை விட்டுருவேனா?” என்பார். ஆனால் இன்னொரு நாள் அவர் சொன்னதுதான் எனக்கு மனதில் தைத்தது. “வயசுக்கு வந்த அன்னைக்குப் பாண்டி ஆடுறது நின்னுது. அதுக்கப்புறம் நான் ஓடினதெல்லாம் பஸ்ஸுக்குத்தான்.” மறுபடி ஆட வருகிறோம் என்று நாங்கள் ஆண்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவருக்கு மறுபடி என்பதே கிடையாது. நம் வீடுகளில் இருக்கும் அறுபது வயதுப் பெண்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

“இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்காத ஆள் இல்லை. கல்வராயன்மலை ஒன்றியத்தில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கலுக்குப் போயிருந்தேன். மலையில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். இருந்த ஒரு களத்துமேட்டில் கபடி நடந்தது. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு நரைத்த தலைகளும் இறங்கின. கடுக்காய் மூட்டையும் பலாப்பழமும் சுமந்து பழகிய கால்கள். “தாத்தா, நீங்க உக்காருங்க” என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சமவெளியில்தான் நாம் அறுபது வயதானதும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. பந்து ஏறக்குறைய 160 கிராம், கல் மாதிரி கெட்டி. எங்கள் மண் தரையில் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்திருப்பது கஷ்டம், இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆகவே இதயப் பரிசோதனை செய்து டாக்டரிடம் ஒப்புதல் வாங்காமல் யாரையும் நாங்கள் சேர்ப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே தடுப்பு கட்டாமல் இறங்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மட்டையைத் தொடவே வேண்டாம். எங்களில் ஒருவரை டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது விசில் அவர் வாயில். எங்களையெல்லாம் அவர்தான் அதிகாரம் செய்கிறார்.

எலும்பைவிடப் பெரிய தகராறு இடம். ஒரு பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் போன பிறகு ஆட ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் கேட்டில் பூட்டு. பள்ளி என்று இருந்தால் பாதுகாப்பு பார்ப்பார்கள்தான், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். மைதானம் முதலில் பிள்ளைகளுக்கு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் ஆடுகிற நேரத்தில் நாங்கள் குறுக்கே போய் நிற்கக் கூடாது.

நான் கேட்பது வேறு இடம். பெரிய மனைப்பிரிவு போடும்போது 10 சதவீத நிலத்தைப் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கி, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2019 நவம்பரில் மாவட்டம் ஆனதிலிருந்து கள்ளக்குறிச்சியைச் சுற்றி எத்தனை நகர்கள் முளைத்திருக்கின்றன என்று நீங்களே பார்க்கிறீர்கள். அந்தந்த நகரில் பூங்கா இடம் எங்கே என்று வரைபடத்தை வைத்துத் தேடிப் பாருங்கள். நான் தேடிய இடங்களில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது, இல்லையென்றால் யாரோ ஜல்லி கொட்டியிருந்தார்கள். இப்போது நாங்கள் ஆடுவது அப்படி ஒரு இடத்தில்தான். முள்ளை வெட்டிச் சமன் செய்ய எங்களுக்கு ஒரு ஜே.சி.பி.யும் அரை நாளும் போதுமானதாக இருந்தது. ஒன்றியத்துக்கு இப்படி நான்கு இடம் சமன் செய்து, இரண்டு விளக்குக் கம்பம் நட்டால், சாயங்காலம் பிள்ளைகளும் ஏழு மணிக்கு மேல் பெரியவர்களும் ஆடலாம். கோடி ரூபாய்ச் செயற்கைப் புல் எங்களுக்கு வேண்டாம்.

இதையே மனுவாக எழுதி, அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். பதினேழு கையெழுத்து சேர்ந்திருக்கிறது, அதில் ஐந்து பெண்களுடையது. உங்கள் நகரில் இப்படிப் பூங்கா இடம் சும்மா கிடந்தால் சர்வே எண்ணோடு எனக்கு எழுதுங்கள், மனுவில் சேர்த்துவிடுகிறேன். ஆட வருவதானால் செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் ஐந்தரைக்கு. ஜலந்தரிலிருந்து தருவித்த மட்டைகள் ஆறு உபரியாக இருக்கின்றன. செருப்போடு வராதீர்கள், மாஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.