விடுமுறையும் உழவாரமும்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்கு நம்மவர் நெடுங்காலமாக ஒரே விடையையே கூறி வருகின்றனர். பரீட்சையிற் சித்தி, அதன்பின் உத்தியோகம். தன் கையால் ஒரு பணியைச் செய்து, அதற்குரிய கூலியைப் பேசிப் பெற்று, வரவு செலவு எழுதிப் பார்க்கும் பயிற்சிக்கு நமது இளைஞரின் வாழ்விற் பெரும்பாலும் இடமில்லை. இக்குறையை நீக்குதற்கு விடுமுறைக் காலமே தக்க வாயில் என்பது எமது கருத்து.

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பார், ஆலையிற் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு, அம்முறையிலேயே புல்வெட்டும் பொறியொன்றை அமைத்து 1830ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன் வழிவந்த பொறிகளைத் தள்ளிக்கொண்டு, கோடை விடுமுறையில் அயலார் வீட்டுப் புற்றரைகளை வெட்டிப் பணம் ஈட்டுதல் அமெரிக்க, கனேடிய மாணவரிடையே பழகிய வழக்கமாகும். அங்கே குடியேறிய நம்மவர் தம் பிள்ளை அவ்வாறு உழைத்தால் அதனைப் பெருமையாகவே உரைப்பர். அதே வேலையை யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவன் செய்யப் புகுந்தாலோ, "படிக்கிற பிள்ளைக்கு இது தகுமோ?" என்பர். கடல் கடந்தவிடத்து மதிப்புப் பெறும் உழைப்பு சொந்த ஊரில் மட்டும் இழிவாவது எங்ஙனம்?

நமது வீடுகளிற் புற்றரை அரிது, வளவுகளோ பல. அவற்றுள் உரியவர் பிறநாடு சென்றமையாற் பூட்டிக் கிடப்பனவும் பல. வாடைக்கால மழை பெய்ததும் அங்கே புல்லும் பற்றையும் மண்டுகின்றன. சிரட்டையிலும் தகரப் பேணியிலும் நீர் தேங்குகின்றது. டெங்குவைப் பரப்பும் நுளம்பு, முட்டையிலிருந்து பறக்கும் பருவம் எய்துதற்கு ஏழு முதற் பத்து நாட்களே போதும். ஆதலின் மழைக்காலத்தில் வாரந்தோறும் ஒரு வளவைப் பார்த்து, நீரைக் கவிழ்த்து, குப்பையை அகற்றி, புல்லைச் செருக்கிவிடும் பணிக்கு உண்மையான தேவையுண்டு. மார்கழி விடுமுறையும் அக்காலத்திலேயே வருகின்றது.

இப்பணிக்குரிய கருவி உழவாரம். அப்பர் சுவாமிகளின் திருக்கரத்தில் அதனைக் கண்டு வணங்குகின்றோம். கோயில் வீதியிற் புல்லுச் செருக்கும் மாணவரைப் பாராட்டுகின்றோம். அதே உழவாரத்தைத் தோளிற் சுமந்து அயலவர் படலையைத் திறப்பவனை ஏளனஞ் செய்கின்றோம். இன்ன தொழில் இன்னாருக்கே உரியது என்னும் பழைய நோயன்றி இதற்கு வேறு காரணம் யாது? திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்துக்கு வகுப்பறையில் உரை கூறும் எம்போன்றோரும் இவ்வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும்.

இனி, இதனால் வரும் கல்வியைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, மாணவர் மூவர் 9,000 ரூபா கடன் பெற்று உழவாரம், மண்வெட்டி, கடகம் முதலியன வாங்குகின்றனர் என்க. எட்டு வளவுகளுக்குத் தலா 2,500 ரூபாவாக 20,000 ரூபா வரவு. சில்லறைச் செலவு 2,000 ரூபா. கருவிகள் மூன்றாண்டு உழைக்குமெனின், இவ்வாண்டுக்குரிய பெறுமானத் தேய்வு 3,000 ரூபா. ஆகவே இலாபம் 15,000 ரூபா. ஆயினும் கடனைத் தீர்த்தபின் கையில் எஞ்சுவது 9,000 ரூபாவே. இலாபம் வேறு, கையிருப்பு வேறு என்னும் உண்மையை வர்த்தக பாடப் புத்தகமும் போதிக்கும். தம்முள் மூவாயிரமாகப் பகிர்ந்துகொண்ட மூவரோ அதனை ஒருபோதும் மறவார்.

படிப்புக் கெடுமே என்பார் உளர். சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களையும் தனியார் வகுப்புகளுக்கே ஈந்துவிடுகின்றோம். வாரத்தில் இரண்டு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குவதால் எந்தப் படிப்புங் கெடாது.

ஏழைத் தொழிலாளியின் பிழைப்பை மாணவன் பறிப்பானே என்பது மற்றொரு தடை. இது தள்ளத்தக்கதன்று. ஊரிற் கூலியாளுக்கு வழங்கும் தொகையினின்றும் ஒரு சதமேனும் குறைத்து மாணவன் பேசலாகாது. ஒரு தொழிலாளி வழக்கமாகப் பார்த்துவரும் வளவை நாடுதலும் ஆகாது. கவனிப்பாரற்ற வளவுகளே அவனுக்குப் போதும்.

வேறு சில வரம்புகளும் உள. தொழிலுக்கு அமர்த்தப்படுவோரின் ஆகக்குறைந்த வயது நமது நாட்டில் 2021ஆம் ஆண்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அவ்வயதுக்குக் குறைந்தோரை இதில் ஈடுபடுத்தலாகாது. பெற்றோர் இசைவு வேண்டும். தனியே செல்லாமற் பகலில் இருவர் மூவராய்ச் செல்ல வேண்டும். புடையன் பாம்பு பற்றைக்குள் உறையுமாதலின் சப்பாத்தும் நீண்ட தடியும் இன்றிக் கால்வைத்தல் கூடாது. சுழலும் தகட்டுடன் விரையும் புல்வெட்டி இயந்திரம் பயிற்சியில்லாத கைக்கு ஏற்றதன்று. கண்ணிவெடி அபாயம் நீங்கியதென உறுதிப்படாத நிலத்தை அணுகவே கூடாது.

இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் வழங்குகின்றீர்கள்; நன்று. உங்களுட் பலருக்கு ஊரிற் பூட்டிய வளவு உண்டு. அதனைப் பேணும் பொறுப்பைக் கல்லூரியின் மூத்த மாணவர் சிலரிடம் எழுத்துமூல உடன்படிக்கையுடன் ஒப்படையுங்கள். உரிய கூலியைத் தவணை தவறாது கொடுங்கள். வேலை செம்மையாக நடவாதவிடத்து, தயங்காது குறை கூறுங்கள். சங்கம் ஒரு சிறு கருவி நிதியை அமைத்து, வட்டியின்றிக் கடன் வழங்கி, ஆண்டிறுதியிற் கணக்கேட்டைப் பரிசோதிக்கலாம்.

நன்கொடை பெற்று வளர்ந்த மாணவன் நன்றியுடையவனாவான். உழைத்துப் பெற்றவனோ நன்றியுடன் தன்மானமும் உடையவனாவான். உத்தியோகம் கிடைப்பினும் கிடையாதொழியினும், தன் கையை நம்பி நிற்கும் இளைஞரையே நமது சமுதாயம் இன்று வேண்டி நிற்கின்றது.