புதிர்த் தீவும் பொறுமையும்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே பெரியோர் பலர் முகஞ் சுளிப்பர். சுடுதலும் ஓடுதலும் பேரிரைச்சலுமே அதன் இலக்கணம் என்பது அன்னார் துணிபு. அத்துணிபு முற்றும் பிழையன்று, முற்றும் சரியுமன்று. பகைவரில்லாத, கடிகாரம் துரத்தாத, அமைதியையே அணியாகக் கொண்ட ஆட்டங்களும் உள. அவை மாணாக்கர்க்குத் தீங்கு செய்வனவல்ல, நன்மையே பயப்பன என்பது நம் கருத்து.

1993ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் றான்ட் மில்லர், றொபின் மில்லர் என்னும் சகோதரர் இருவர் ஒரு சிறு குழுவினருடன் கூடி 'மிஸ்ற்' என்னும் ஆட்டத்தை ஆக்கி வெளியிட்டனர். ஆடுவோன் ஆளரவமற்ற தீவொன்றிலே தனியே நிற்கின்றான். துறைமேடையும் நூல்நிலையமும் கோளரங்கமும் மணிக்கூட்டுக் கோபுரமும் அலையோசையின் நடுவே மௌனமாய் நிற்கின்றன. ஆட்டத்தின் விதிகளை எடுத்துரைப்பார் எவருமிலர். ஏறத்தாழ 2,500 அசையாப் படங்களால் அமைந்த அவ்வுலகம் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகி, 2002ஆம் ஆண்டு வரை கணினி ஆட்டங்களுள் முதலிடம் வகித்தது.

மக்களை அங்கு ஈர்த்தது யாது? காட்சியழகு ஒரு காரணமே. கண்ணிற்படும் ஒவ்வொன்றும் ஏதோவொரு கருத்துடனேயே வைக்கப்பட்டுள்ளது என்னும் உணர்வே தலையாய காரணம் என்போம். 1997இல் வெளிவந்த அதன் தொடர்ச்சியாகிய 'றிவென்' இதற்குச் சான்று. அவ்வுலகத்து எண்முறை 25ஐ அடியாகக் கொண்டது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் அங்கில்லை. பிள்ளைகளில்லாத பள்ளியறையொன்றிலே விளையாட்டுக் கருவியொன்று இருக்கின்றது. அதனை இயக்கினால் ஒரு குறி தோன்றும். தொங்கும் பாவை சில படிகள் கீழிறங்கும். படிகளை எண்ணி, குறிகளை ஏட்டிலெழுதி, பத்துவரை அறிந்துகொண்டவன் எஞ்சியவற்றைத் தானே ஊகித்தறிய வேண்டும். கற்பிக்கப்படாமலே கற்கும் இன்பம் இதுவன்றோ!

இத்தகைய புதிர்கள் வேண்டுமென்றே இருட்டடிக்கப்பட்டவை எனக் குறை கூறுவாருமுளர். அக்குறையிலும் உண்மையுண்டு. 'மிஸ்ற்' ஆட்டத்தின் சுரங்கப் பாதையிலே திசையைக் காட்டுவது ஓசை ஒன்றே. அவ்வோசைகளின் பொருளோ வேறோர் உலகத்திலே உணர்த்தப்படுகின்றது. அதனைக் கவனியாதார் இருளிலே அலைந்தனர். செவிப்புலன் குன்றியோர்க்கு அக்குறிப்பு எட்டவேயில்லை. இதனை நாம் நியாயமெனக் கூறோம். விடையை அறிந்தபின் 'இதனை நானே கண்டிருக்கலாமே' என்று ஆடுவோன் நாணுவானாயின் அது நற்புதிர்; 'இதனை எவர்தான் கண்டிருப்பார்?' என்று சினப்பானாயின் அது ஆக்கியோன் குற்றம்.

ஈண்டு நம் குற்றமொன்றையும் மறையாது கூறுதல் தகும். 'றிவென்' ஆட்டத்தில் மூன்று இரவுகள் ஒரே புதிரில் நின்றோம். நான்காம் இரவு பொறுமையிழந்து, பிறர் எழுதிவைத்த விடையைப் பார்த்தோம். கதவு திறந்தது, தீவு இறந்தது. அதன்பின் இடர் வருந்தோறும் கை விடையையே நாடிற்று. முன்னர் நின்று நோக்கிய கல்லையும் மரத்தையும் வெறும் வழித்தடமாகவே கடந்து சென்றோம். ஆட்டத்தை முடித்தோம், ஆனால் ஆடினோம் என்று சொல்ல மனம் துணியவில்லை. ஒருமுறை பார்த்த விடையை மறுபடி அறியாதிருத்தல் எவர்க்கும் இயலாது.

இன்று எவ்வினாவிற்கும் விடை நொடிப்பொழுதிலே கைக்கு வருகின்றது. கணக்கொன்று கடினமாயிற்றென்றதும் விடைத்தாளைப் புரட்டும் மாணவனும் நம்மைப்போலவே கதவைத் திறந்து தீவை இழக்கின்றான். விடை பார்த்தலே பாவமென்று நாம் சொல்லவில்லை. பாராதிருக்கும் ஓர் இரவின் பயனை எண்ணிப் பார்க்குமாறே வேண்டுகின்றோம். அறியாமையில் அஞ்சாது சற்று நிற்கப் பழகியவனே அறிவின் வாயிலைத் தன் கையாலே திறப்பான்.