கிராம்பு எண்ணெயும் காரிமங்கலத்துப் பற்களும்

கிராம்பு எண்ணெயை முகர்ந்தால் மனம் அமைதியாகும், தேய்த்தால் பல் மஞ்சள் போகும், இயற்கையானது என்பதால் பக்கவிளைவே கிடையாது என்கிறார் நண்பர். முதலாவதை விட்டுவிடலாம்; வாசனை பிடித்தவருக்கு மனசு லேசாவதை யார் மறுக்கப் போகிறார்கள்?

பல் விஷயம் வேறு. அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். அது நரம்பை மரக்கச் செய்யும். அதனால்தான் பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துக் குழியில் தற்காலிகமாக அடைக்கிறார். வலி அடங்கும், சொத்தை அப்படியே இருக்கும். மஞ்சள் போகுமா என்றால், தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் பக்கத்துப் பற்களில் காணும் பழுப்புக் கோடுகள் பெரும்பாலும் போர்வெல் நீரின் ஃப்ளோரைடு வேலை. பல் முளைக்கும் முன்பே எனாமலுக்குள் விழுந்த பழுது அது. எந்தத் தைலமும் அங்கே எட்டாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இந்த ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான்.

பக்கவிளைவு இல்லையாம்! ஐந்து முதல் பத்து மில்லி குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை வலிப்பு வந்து நினைவிழந்ததை, ஈரலும் கெட்டதை, 1990-களிலேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். நீர்க்காமல் தடவினால் ஈறு வெந்துபோகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தள்ளி நிற்கட்டும். நண்பர் விற்கும் குப்பியில் குழந்தைகள் திறக்க முடியாத மூடியாவது இருக்கிறதா?