கட்டியை எடுங்கள், சிறுநீரகத்தை அல்ல



கண், தலை, சிறுநீரகம் என்று பல இடங்களில் கட்டிகளை வரவைக்கும் ‘வொன் ஹிப்பெல் லிண்டாவ்’ என்ற பரம்பரை நோய் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் கிளினிக்கிலேயே எழுத்துக்கூட்டச் சொல்கிறார்கள்! ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவருக்கு வருவது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சிறுநீரகத்தில் கட்டி என்றதும் சிறுநீரகத்தையே எடுத்துவிடச் சொல்வோர் உண்டு. இந்நோயில் அது அவசரப்பட்ட முடிவு. கட்டி 3 சென்ரிமீற்றரை எட்டும்வரை ஸ்கான் எடுத்துக் கவனித்து, பிறகு கட்டியை மட்டும் வெட்டுவதே பொதுவான முறை. நாளைக்கு மற்றச் சிறுநீரகத்திலும் வரலாமே. விழித்திரைக் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே லேசரால் சுடலாம். 2021இல் அமெரிக்கா அனுமதித்த பெல்சூட்டிஃபான் மாத்திரை பலருக்குக் கட்டிகளைச் சுருக்குகிறது. ஆனால் அதனால் இரத்தசோகை வரலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. விலையோ எங்களுக்கு எட்டாத உயரம்.

ஆகவே எங்களுக்கு மருந்து, ஒழுங்கான பரிசோதனைதான். கண்ணுக்கு ஒரு நாள், தலைக்கு ஒரு நாள், வயிற்றுக்கு ஒரு நாள் என்று சீனன்குடாவிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறோம். மூன்றையும் ஒரே நாளில் வைத்துத் தந்தால் இரண்டு நாள் கூலியாவது மிஞ்சும்.

வாசகர் ஒருவர்,
சீனன்குடா.