புகை சொல்லும் பழுது

பழைய ஜீப் வைத்திருக்கும் அன்பர்களே! பொங்கலுக்கு ஊர் புறப்படுமுன் வண்டியைச் சிவாஜிநகர்ப் பட்டறைக்குக் கொண்டுசெல்வீர்கள். அங்கே “வண்டி சரியில்லை” என்று மட்டும் கூறின், தேவையற்ற செலவே மிஞ்சும். புகையின் நிறம் யாது, எப்பொழுது எழுகிறது என்று கூறுங்கள். மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் இணைக்கத் தொடங்கியது. அன்றைய எஞ்சினுக்கும் இன்றைய கிழட்டு எஞ்சினுக்கும் இவ்விதி பொதுவே.

கரும்புகையாயின், எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது. முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். நீலப்புகையாயின், எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கலாம். குளிர்காலையில் சிறிது வெண்ணாவி எழுதல் இயல்பே. எஞ்சின் சூடேறிய பின்னும் அது நில்லாமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துவரின், ஹெட் காஸ்கெட் பழுதென்று ஐயுறலாம். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்.

வேகம் கூட்டும்பொழுது ‘டப் டப்’ என்னும் ஒலியும், புகைக்குழாய் இணைப்பில் கரிக்கறையும் தோன்றின், அங்கே கசிவுண்டு. இதில் மட்டும் தாமதம் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உயிரையே பறிக்க வல்லது. பயணத்தில் பிள்ளைகளுக்குத் தலைவலியோ மயக்கமோ வரின், உடனே எஞ்சினை நிறுத்தி, அனைவரையும் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, மருத்துவரை நாடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு வண்டியுள் உறங்க வேண்டா. வர்ணப்பூச்சு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம், புகைக்குழாய் காத்திராது.