சூரியனை அடைக்க ஒரு காந்தக் கோட்டை!

செஞ்சிக் கோட்டையின் புகழ் இப்போது உலகம் எங்கும் பரவி இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அதை யுனெஸ்கோ சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் 12 ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து மதில்கள். மொகலாயப் படை 1690-ல் வந்து முற்றுகை இட்டது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் அதற்கு முன்பே தப்பிப் போய்விட்டார்!

செஞ்சிக் கோட்டை, வெளியே இருப்பவர்களை உள்ளே விடாமல் தடுத்தது. விஞ்ஞானிகள் இப்போது வேறு ஒரு கோட்டை கட்டுகிறார்கள். அது, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் தடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன? சூரியனில் எரிவதைப் போன்ற நெருப்பு!

கல் இல்லாத மதில்

சூரியன் விறகால் எரியவில்லை, எண்ணெயாலும் எரியவில்லை. அங்கே ஹைட்ரஜன் அணுவின் கருக்கள் ஒன்றோடு ஒன்று இணைகின்றன. அப்போது பெரும் சக்தி வெளிப்படுகிறது. கல்பாக்கத்தில் மின்சாரத்துக்காக நடப்பது அணுவைப் பிளக்கும் வேலை. இது அணுவை இணைக்கும் வேலை.

இணைய வேண்டுமானால் வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரி சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் அணு முழுசாக நிற்காது. எலெக்ட்ரான் தனி, கரு தனி என்று பிரிந்து ஓடும். இந்த நிலைக்குப் 'பிளாஸ்மா' என்று பெயர்.

அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? இரும்பும் உருகும். கல்லும் உருகும். அதற்குத்தான் காந்தம்!

உளுந்து வடையைப் போல நடுவில் ஓட்டை உள்ள ஓர் உலோக அறை. அதைச் சுற்றிலும் காந்தச் சுருள்கள். எலெக்ட்ரான்களும் கருக்களும் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடும். சுவரில் முட்டாது. இந்த யந்திரத்தின் பெயர் 'டோகமாக்'. ரஷ்ய விஞ்ஞானிகள் 1950-களில் இதை உருவாக்கினார்கள்.

இந்தியாவிலும் டோகமாக் உண்டு. குஜராத்தில், காந்திநகர் அருகே, பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காஷ்மீரத்தில் பிறந்த பிரெதிமன் காவ் அதன் முதல் இயக்குநர். 18 வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்ற மேதை. 2017-ல் காலமானார். அந்த நிலையத்தில் 1989-ல் இயங்கத் தொடங்கிய டோகமாக்கின் பெயர் 'ஆதித்யா'. சூரியன் என்று பொருள். 2016-ல் அது புதுப்பிக்கப்பட்டது.

20 ஆண்டு என்றார்கள்

1955-ல் ஜெனீவா நகரில் அணுசக்தி மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் இந்திய விஞ்ஞானி ஹோமி பாபா. "இன்னும் 20 ஆண்டுகளில் இணைவு சக்தியைக் கட்டுப்படுத்தி எடுக்கும் வழி கண்டுபிடிக்கப்படும்" என்ற கருத்தை அவர் அங்கே வெளியிட்டார்.

70 ஆண்டுகள் ஓடிவிட்டன. இணைவு மின்சாரம் இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஏன்? காரணங்கள் பல. காந்த மதிலுக்குள் பிளாஸ்மா அடங்கி இருக்கும் என்று நினைத்தார்கள். அது பல வழியில் கசிந்தது. அந்தக் கசிவுகளில் ஒன்று மிகவும் பொல்லாதது.

தறிகெட்ட எலெக்ட்ரான்

எலெக்ட்ரான் மிகமிக லேசானது. ஹைட்ரஜன் கரு அதைப் போல 1,836 மடங்கு கனம். லேசானது என்பதால் எலெக்ட்ரான் சிறிது தள்ளினாலும் பறக்கும்.

சைக்கிளை வேகமாக மிதித்தால் எதிர்காற்று அதிகம் ஆகும். பிளாஸ்மாவில் ஓடும் எலெக்ட்ரானுக்கு நேர்மாறு! வேகம் கூடக் கூட, மற்றத் துகள்களின் தடை குறைகிறது. தடை குறைந்தால் வேகம் மேலும் கூடும். முடிவில் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். கடிவாளம் அறுந்த குதிரைதான்.

ஆதித்யாவின் வளையத்தை ஒரு தடவை சுற்றினால் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான், ஒரு வினாடியில் அதை 6 கோடித் தடவைக்கு மேல் சுற்றும்!

சில சமயம் பிளாஸ்மா திடீர் என்று குலைந்துவிடும். அப்போது பலமான மின் அழுத்தம் உண்டாகிறது. எலெக்ட்ரான்கள் கூட்டமாகத் தறிகெட்டு ஓடுகின்றன. சுவரில் ஒரே இடத்தில் போய் விழுந்தால், கண் மூடித் திறப்பதற்குள் அந்த இடம் உருகிவிடும்.

இதனால் ஊருக்கு ஆபத்து இல்லை. பிளாஸ்மா குலைந்தால் நெருப்பு அணைந்துவிடும், வெடிக்காது. சேதம் யந்திரத்துக்குத்தான். ஆனால் அந்த யந்திரத்தின் விலை கோடி கோடி!

ஒரு கல் உருண்டால்...

செஞ்சி மலைகளில் பாறை மேல் பாறையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். உச்சியில் ஒரு பாறை உருண்டால் என்ன ஆகும்? அடுத்ததை இடிக்கும். இரண்டும் சேர்ந்து உருளும். சிறு குன்றாக இருந்தால் நாலைந்து பாறையோடு நின்றுவிடும். பெரிய மலையாக இருந்தால், அடிவாரம் வருவதற்குள் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும்.

எலெக்ட்ரானும் அப்படித்தான். வேகமாக ஓடும் ஒன்று, மெதுவாகப் போகும் இன்னொன்றை இடித்து, அதையும் ஓட்டம் பிடிக்க வைக்கும். யந்திரத்தில் ஓடும் மின்சாரம் எவ்வளவு அதிகமோ, இந்தப் பெருக்கமும் அவ்வளவு பயங்கரம்.

ஆதித்யா சிறு குன்று. அதில் ஓடுவது ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் ஆம்பியர். பெரிய மலை, பிரான்ஸ் நாட்டில் எழும்பிக்கொண்டு இருக்கிறது. 'இட்டர்' என்பது அதன் பெயர். அதில் ஓடப்போவது ஒன்றரைக் கோடி ஆம்பியர்! உஷ்ணம் 15 கோடி டிகிரி. சூரியனின் மையத்தைப் போல 10 மடங்கு.

இட்டரில் இந்தியாவும் பங்காளி. 2006-ல் ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று. கட்டுமானச் செலவில் சுமார் 9 சதவீதம் இந்தியாவின் பங்கு. யந்திரம் முழுவதையும் மூடும் 30 மீட்டர் உயர உருக்குக் கூட்டின் பகுதிகள் குஜராத்தில் உள்ள ஹசிராவில் செய்யப்பட்டுப் பிரான்சுக்குப் போயின. எனவே இட்டரின் சுவரில் ஓட்டை விழுந்தால், நஷ்டத்தில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

இங்கேதான் சிக்கல். சிறு யந்திரத்தில் அந்தப் பெருக்கத்தைப் பார்க்க முடியாது. பெரிய யந்திரத்தில் சோதித்துப் பார்க்கத் துணிய முடியாது. பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? கணக்குப் போட்டுத்தான்!

ஒரு பானைச் சோறு

கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் யந்திரத்தைக் கட்டுகிறார்கள். காந்தமும் அறையும் பிளாஸ்மாவும் அதில் எண்களாக இருக்கும். எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, அடுத்த நொடித்துளியில் எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். பிறகு அதற்கு அடுத்த நொடித்துளி. இப்படியே கோடிக்கணக்கான தடவை.

ஆனால் எலெக்ட்ரான்கள் எத்தனை? ஆதித்யாவுக்குள் இருப்பதைச் சுமாராகச் சொன்னால், 1 போட்டு 19 பூஜ்யம்! காந்திநகர் நிலையத்தில் 'அந்த்யா' என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பாஸ்கராச்சாரியாரின் 'லீலாவதி' கணக்கு நூலில், 1 போட்டு 15 பூஜ்யம் போட்ட எண்ணுக்கு அந்தப் பெயர். அத்தனை கணக்குகளை ஒரே வினாடியில் போடக்கூடிய யந்திரம் அது. ஆனாலும் ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் ஒரே ஒரு கணக்குப் போட்டு முடிக்க, சுமார் 2 மணி 45 நிமிஷம் ஆகும்!

அதனால் விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்கிறார்கள். களஞ்சியத்து நெல்லை யாரும் மணி மணியாக எண்ணுவதில்லை, மரக்காலால் அளக்கிறார்கள். அதுபோல, கோடிக்கணக்கான எலெக்ட்ரான்களுக்குப் பதிலாக ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

இன்னொரு யுக்தியும் உண்டு. 1 டெஸ்லா பலம் உள்ள காந்தப் புலத்தில், எலெக்ட்ரான் வினாடிக்கு 2,800 கோடித் தடவை தன் கோட்டைச் சுற்றுகிறது. அத்தனை சுற்றையும் தொடர்ந்தால் கணக்கு முடியாது. தேரோட்டம் பார்ப்பவர்கள், சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்று எண்ணுவதில்லை. தேர் எந்த வீதியில் வருகிறது என்றுதான் பார்க்கிறார்கள். விஞ்ஞானிகளும் எலெக்ட்ரான் போகும் பாதையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

கணக்கு பொய்த்தால்?

நெல்லை அளந்த மரக்கால் சரியில்லை என்றால், அளந்தது எல்லாம் தப்பு. இந்தக் கணக்கும் அப்படியே. அதைச் சரிபார்க்க நிஜ யந்திரம் வேண்டும்.

ஆதித்யாவில் ஒரு சோதனை செய்தார்கள். காந்தப் புலத்தைச் சிறிது அசைத்து, தறிகெட்ட எலெக்ட்ரான்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இங்கிலாந்தில் 2023 வரை இயங்கிய 'ஜெட்' என்ற டோகமாக்கில் வேறு ஒரு வழி. ஓடும் எலெக்ட்ரான் கூட்டத்தின் நடுவே கன ஹைட்ரஜனைச் செலுத்தினார்கள். எலெக்ட்ரான்கள் ஒரே இடத்தைத் துளைக்காமல், சுவர் எங்கும் பரவி விழுந்தன. சுவர் பிழைத்தது! 2021-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அது ஏன் பலித்தது என்பதைப் பிறகு கம்ப்யூட்டர் கணக்குதான் விளக்கியது.

சோதனை வழி காட்டுகிறது. கணக்கு காரணம் சொல்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை. "இட்டர் வரும்போது ஆதித்யா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பெரிய மலையில் பாறை உருளுமா என்று சொல்லப்போகும் கணக்கு, முதலில் சிறு குன்றில் தேற வேண்டும். ஆதித்யாவின் வேலை அதுதான்.

2024-ல் மாற்றி அமைத்த திட்டப்படி, இட்டரில் ஆராய்ச்சி 2034-ல் தொடங்க வேண்டும். உண்மையான இணைவு எரிபொருளை 2039-ல் ஏற்ற வேண்டும். செஞ்சியில் இன்று முதல் வகுப்பில் கணக்குப் படிக்கும் குழந்தைக்கு அப்போது இருபது வயது ஆகும். கணக்குப் போடும் ஆட்கள் அப்போதும் தேவைப்படுவார்கள்!